உள்ளது உள்ளபடி

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
அஸ்திவாரத்தில் குறை ஏதும் இருப்பதாகத் தங்களுக்குத் தெரியுமா?
ஆம். இல்லை. தெரியாது.
மூன்று கட்டங்கள், ஒரே அளவில்.
ஒரு வாரமாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

தரகர் ரைண்டர் பொஸ்த்மா சொன்னார்:
"தெரியாது என்றால் அது பொய்யாகாது, ஹில்லி.
மண்ணுக்கடியில் போய் யார் பார்த்தது?
பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்,
உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்று.
அப்புறம் வாங்கியவர் பாடு."
பேசிக்கொண்டே கோப்பையை மேசையில் வைத்தார்.
காப்பி ஒரு பக்கமாக ஏறி நின்றது.
அவரும் பார்த்தார்.
எடுத்துக் குடித்துவிட்டார்.

ஸாண்டாமில் வீடுகள் மண்மேல் நிற்பதில்லை.
சேற்றில் ஆழ இறக்கிய பைன் மரக் கால்களின்மேல் நிற்கின்றன.
நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அந்தக் கால்களுக்கு ஒன்றும் ஆகாது.
நீர் இறங்கிக் காற்றுப் பட்டால்
அன்றே அழுகத் தொடங்கும்.
மழை பொய்த்த கோடைகளில்
கால்வாய் தன் பழைய கோட்டைக் கல்லில் விட்டுவிட்டு
கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.
ஹார்மன் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து
காது கொடுப்பார்.
சாத்திய கதவு தானாகத் திறக்கும்.

நாங்கள் வாங்க வந்த நாளில்
இந்தச் சுவரை ஒட்டிப் பெரிய ஓக் அலமாரி.
"தூக்கிப்போக முடியாத கனம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.
என்ன தாராளம் என்று
வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம்.
முதல் குளிர்காலத்தில் அதை நகர்த்தினோம்.

மயிரிழை விரிசல்தான், அப்போது.
முழங்கால் உயரத்தில் முடிந்தது.
ஹார்மன் கத்தவில்லை. வக்கீலைத் தேடவில்லை.
விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து
பக்கத்தில் தேதி எழுதினார்.
மறு ஆண்டு இன்னொரு கோடு, நாலு விரல் மேலே.
இப்படி இருபத்தாறு.
கடைசிக் கோட்டுக்கு அவர் கை நடுங்கியிருக்கிறது.

அவர் போன பிறகு நான் சுவர்த்தாள் ஒட்டினேன்.
வெளிர் பச்சை, சின்னச் சின்னக் கொடிகள்.
அழகுக்கு என்று சொல்லிக்கொண்டேன்.
அதுவும் ஓர் அலமாரிதான்.

சனிக்கிழமை லீனெக்கேயும் ஒக்கோவும் வந்தார்கள்.
அவளுக்கு ஏழாம் மாதம்.
கேட்ட விலைக்கு மேல் நாற்பதாயிரம் யூரோ தருவதாக
வங்கியில் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.
ஒக்கோ சுவரைத் தட்டிப் பார்த்தான்,
என்ன சத்தம் வரவேண்டும் என்று தெரியாமலே
தர்பூசணியைத் தட்டுகிறவன்போல.
"கெட்டியான வீடு" என்றான்.

தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன்.
திட்டம் எதுவும் இல்லை.
சர்ரென்று கிழிந்து வந்தது, கொடியும் இலையுமாக.
ரைண்டருக்கு இருமல் வந்தது.

லீனெக்கே குனிந்து தேதிகளைப் படித்தாள்.
முகம் மலர்ந்துவிட்டது:
"எத்தனை பிள்ளைகள் உங்களுக்கு?
வருஷா வருஷம் உயரம் குறித்திருக்கிறீர்களே!"

பிள்ளைகள் இல்லையம்மா.
இந்த வீட்டில் வளர்ந்தது இது ஒன்றுதான்.

ஒக்கோ விரிசலில் விரலை விட்டான்.
இரண்டாம் கணு வரை போயிற்று.
விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.
கிளம்பினார்கள். கை குலுக்கினார்களா என்று நினைவில்லை.

படிவத்தில் 'ஆம்' கட்டத்தை நிரப்பினேன்.
கட்டம் போதவில்லை.
ஓரத்தில் இருபத்தாறு தேதிகளையும் எழுதினேன்.

பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள்,
ஒரு பொறியாளரோடு.
அவர் குழி தோண்டினார், மரத்தைச் சுரண்டி முகர்ந்தார்,
பிறகு சுவர்முன் மண்டியிட்டு
ஒவ்வொரு கோட்டையும் படம் எடுத்தார்.
"இதை எழுதியவர் என்ன வேலை பார்த்தார்?" என்றார்.
ரொட்டிக் கடை என்றேன்.

புதிய கால்கள் இறக்க எண்பத்தைந்தாயிரம்.
அதைக் கழித்துக்கொண்டு ஒரு விலை சொன்னார்கள்.
சரி என்றேன்.
ரைண்டர் என்னோடு பேசுவதில்லை.

பதிவு நாளில் நோட்டரி உரக்க வாசித்தார்:
உள்ளது உள்ளபடி.
அந்த வரியை நான் நீக்கச் சொல்லவில்லை.

அவர் மேசையில் எனக்குக் காப்பி வைத்தார்கள்.
விளிம்புக்கு விளிம்பு நேராக நின்றது.
கோப்பையின் ஒரு பக்கத்தை
விரலால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான்
கையெழுத்துப் போட்டேன்.